பாக்கெட்டில் ரெண்டு பாஸ்போர்ட்... எதை நீட்டுவது?

சட்டைப் பையில் ரெண்டு பேனா இருந்தால் ‘ஆபீசர்’ என்பார்கள். மேஜை டிராயரில் ரெண்டு பேங்க் பாஸ்புக் இருந்தால் ‘கெட்டிக்காரன்’ என்பார்கள். ரெண்டு ரேஷன் கார்டு இருந்தால்... வேண்டாம் சார், வட்ட வழங்கல் அலுவலர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிறவர்!

ஆனால் ரெண்டு பாஸ்போர்ட்?

‘அதெல்லாம் சினிமா வில்லன் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஏதாவது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் போய் உட்காருங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இந்தப் பேச்சு எப்படியும் வந்து விழும்.

‘‘என்ன மாமா, தம்பிக்கு அமெரிக்காவுல சிட்டிசன்ஷிப் கெடைச்சிடுச்சாமே?’’

‘‘ஆமாம்ப்பா. அந்த ஊர் பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சு. நம்மூர் பாஸ்போர்ட்டும் இன்னும் ஆறு வருஷத்துக்கு இருக்கு. இங்கே வர்றப்ப இதை நீட்டலாம். அங்கே போறப்ப அதை நீட்டலாம். விசா செலவு மிச்சம்!’’

மாமா பெருமையாகத்தான் சொல்வார். பாயசம் வருவதற்குள் பேச்சு நெல் விலைக்கும் மேட்டூர் தண்ணீருக்கும் போய்விடும். ஆனால் மாமா சாதாரணமாகச் சொன்ன அந்தத் திட்டத்துக்குள் குடியுரிமைச் சட்டம், பாஸ்போர்ட் சட்டம், வெளிநாட்டவர் சட்டம் மூன்றும் மாட்டிக்கொண்டு முழிக்கின்றன. மாமாவுக்கு அது தெரியாது. மாமாவின் பிள்ளைக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

அடியேன் பி.காம். டபுள் என்ட்ரி என்றால் எனக்கு உயிர். ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியாக வேண்டும், அப்போதுதான் கணக்கு டேலி ஆகும். இந்தியக் குடியுரிமையும் அப்படித்தான். அந்தப் பக்கம் ஒரு நாடு வரவானால், இந்தப் பக்கம் இந்தியா தானாகக் கழிந்துவிடும். ரெண்டையும் வரவில் வைக்க நம்ம சட்டத்தில் காலமே கிடையாது!

<b>கப்பலில் ஆரம்பித்த கதை</b>

நம்ம ஜில்லாக்காரர்களுக்கு வெளிநாடு புதிதில்லை. விமானம் என்றால் அண்ணாந்து பார்த்துக் கை காட்டிய காலத்திலேயே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் நம் தாத்தாக்கள். ‘ரஜூலா’ கப்பல் என்று சொன்னால் இன்றைக்கும் சில பெரியவர்களின் கண் பளபளக்கும். 1926-ல் கட்டிய கப்பல் அது. 1973 வரைக்கும் ஓடியது. அதற்கப்புறம் ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு கப்பல் சகாப்தமும் முடிந்தது.

இப்போது திருச்சி ஏர்போர்ட். 2024-ல் புது டெர்மினல் வேறு பளபளவென்று திறந்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். கூத்தாநல்லூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் என்று பாதி டெல்டா வாசலில் வேன் போட்டுக்கொண்டு நிற்கும். ஒருத்தரை வழியனுப்ப பதினாலு பேர்!

கப்பல் மாறி விமானம் வந்தது. டிரங்குப் பெட்டி மாறி டிராலி பேக் வந்தது. மாறாதது ஒன்றுதான். கவுண்ட்டரில் நீட்டுகிற அந்தச் சின்னப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தையே மாற்றிக்கொள்கிறவர்களும் இப்போது அதிகம். 2024-ல் மட்டும் இந்தியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் 2,06,378 பேர் என்று பாராளுமன்றத்திலேயே அரசாங்கம் கணக்குக் கொடுத்தது. 2022-ல் இது 2,25,620. ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகை அளவுக்கு ஆட்கள் வருஷா வருஷம் புத்தகம் மாற்றுகிறார்கள். அதைத் தப்பு என்று சொல்ல நாம் யார்? வேலை, பிள்ளைகள், வசதி என்று ஆயிரம் காரணம் இருக்கும். புதுப் புத்தகத்தை வாங்கினவர் பழைய புத்தகத்தை என்ன செய்கிறார் என்பதுதான் இங்கே விஷயம்.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஓர் இந்தியர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடிமகன் ஆனால், அந்த நிமிஷமே அவர் இந்தியக் குடிமகன் இல்லை.

அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவில் இந்தக் கருத்து இருக்கிறது. 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்திலும் 9-வது பிரிவுதான் இதைச் சொல்கிறது. யாரும் ஆர்டர் போட வேண்டாம், நோட்டீஸ் அனுப்ப வேண்டாம், தபால்காரர் வரவேண்டாம். அங்கே நீங்கள் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்து முடிக்கும்போது, இங்கே உங்கள் கணக்கு தானாக மூடிவிடும்.

‘‘சார், எனக்கு அவன் குடியுரிமை வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் ஒரு சௌகரியத்துக்கு வாங்கினேன்’’ என்று சொன்னால்? அதற்கும் வழியில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கியதே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதற்கு முடிவான சாட்சி என்று நம்ம விதிகள் சொல்கின்றன. பிரிவினைக்கப்புறம் பாகிஸ்தான் பாஸ்போர்ட் எடுத்த சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1962-லேயே உச்ச நீதிமன்றம் ‘விதி செல்லும்’ என்று சொல்லிவிட்டது.

ஆக, கையில் இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கலாம். அட்டை புத்தம் புதுசாக இருக்கலாம். போட்டோவில் நீங்கள் சினிமா ஹீரோ மாதிரி இருக்கலாம். பிரயோசனமில்லை. கணக்கு மூடிய பேங்கின் செக் புத்தகம் மாதிரிதான் அது. இலை இருக்கும். பணம் இருக்காது!

<b>அமெரிக்க மாப்பிள்ளையின் ‘ஐடியா’</b>

மாமாவின் பிள்ளை அந்த ஐடியாவை நிஜமாகவே செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் கற்பனை செய்வோம். நம்ம ஹீரோவுக்குப் பெயர் வேண்டாம். ‘அமெரிக்க மாப்பிள்ளை’ என்றே வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் திருவையாறு பக்கம்.

அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதும் அங்கிருந்து கிளம்புவதும் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் என்பது அந்த நாட்டுச் சட்டம். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அந்தச் சட்டத்தை மதிக்கிறார். ஆனால் விமானக் கம்பெனி கவுண்ட்டரில் இருக்கிற பெண், ‘‘இந்தியாவுக்கு விசா?’’ என்று கேட்கிறாள். மாப்பிள்ளை ஒரு புன்னகையோடு இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார். போர்டிங் கார்டு கிடைத்துவிடுகிறது.

சிங்கப்பூரில் இறங்கி மாறித் திருச்சிக்கு வருகிறார். இமிக்ரேஷனில் இந்தியப் பாஸ்போர்ட். டப்! முத்திரை விழுகிறது. ‘பார்த்தியா, எவ்வளவு சுலபம்!’ என்று மனசுக்குள் விசில் அடிக்கிறார். நாலு வாரம் ஊரில். அசோகா அல்வா, சாம்பார் இட்லி, சொந்தக்காரர்கள் வீடு.

திரும்பிப் போகிற நாள்தான் வினை. திருச்சி ஏர்போர்ட்டில் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். அதிகாரி பக்கங்களைப் புரட்டுகிறார். முன்னால் புரட்டுகிறார், பின்னால் புரட்டுகிறார்.

‘‘சார், அமெரிக்கா போறீங்க. விசா எங்கே? கிரீன் கார்டு இருக்கா?’’

கிரீன் கார்டு எப்படி இருக்கும்? குடிமகன் ஆனபோதே அதைத் திருப்பி வாங்கிவிட்டார்களே! அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினால் ‘அப்ப நீங்க வெளிநாட்டுக்காரர், எந்த விசாவில் உள்ளே வந்தீங்க?’ என்று அடுத்த கேள்வி. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது!

அந்த நிமிஷத்தில் சட்டத்தின் கண்ணுக்கு மாப்பிள்ளை யார் தெரியுமா? காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை இல்லை. விசா இல்லாமல், செல்லாத ஆவணத்தைக் காட்டி இந்தியாவுக்குள் நுழைந்த ஒரு வெளிநாட்டவர். 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தை எடுத்துவிட்டு 2025-ல் புதுச் சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் உள்ளே வருவது அதில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஒருவேளை இந்தத் தடவை தப்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் கழித்துப் பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போவார். ‘நான் வேறு நாட்டுக் குடிமகன் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அது அடுத்த குற்றம். குடிமகன் அல்லாதவர் அதை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினால் ஒரு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது 1967-ம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டம்.

இத்தனையும் எதற்கு? ஒரு விசா கட்டணத்தை மிச்சம் பிடிக்க!

<b>பி.ஆர். வேறு... சிட்டிசன் வேறு!</b>

இதைப் படித்துவிட்டு சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு அலறியடித்துப் போன் போட்டுவிடாதீர்கள். அவர் அங்கே பி.ஆர். ஆக இருக்கலாம். பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி, அவ்வளவுதான். அமெரிக்க கிரீன் கார்டும் அப்படியே. அவர் இன்னமும் அசல் இந்தியக் குடிமகன். அவரிடம் இருப்பது ஒரே பாஸ்போர்ட். எதை நீட்டுவது என்ற குழப்பமே அவருக்குக் கிடையாது.

அவர் ஓட்டுக்கூடப் போடலாம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 2010-ல் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். ஆனால் தேர்தலன்று நேரில் வந்து போட வேண்டும். ஒரு ஓட்டுக்கு விமான டிக்கெட் எடுக்கும் தேசபக்தி உள்ளவர்கள் கை தூக்கலாம்!

சிங்கப்பூர் இன்னொரு விதத்தில் நம்ம மாதிரியே கறார். அங்கே குடியுரிமை வேண்டுமென்றால் பழைய குடியுரிமையை விட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக, நம்ம தாத்தாக்கள் கப்பல் ஏறிப் போன ரெண்டு ஊரிலுமே ‘ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம்’தான்.

<b>காரைக்காலில் கிடைத்த ஆறு மாசம்</b>

‘எந்தப் பாஸ்போர்ட்?’ என்று சட்டமே முன்னால் வந்து நின்று கேட்ட ஊர் ஒன்று நம்ம டெல்டாவுக்குள்ளேயே இருக்கிறது. காரைக்கால்! நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையில் நுழைந்தால் வரும் ஊர். (வாஞ்சூருக்கு நம் ஆட்கள் வேறு எதற்காகவெல்லாம் போகிறார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.)

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் அது. சுற்றி நாலு பக்கமும்... மன்னிக்க, கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா. அதே காவிரித் தண்ணீர், அதே நெல். ஆனால் ஆட்சி பிரான்ஸ். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது முறைப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்.

அந்த ஒப்பந்தத்தில்தான் நம்ம விஷயம் இருக்கிறது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரும் அன்றையிலிருந்து இந்தியக் குடிமக்கள். ‘இல்லை, நான் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன்’ என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் நாலு ஊருக்கும் இதே கெடு.

ஆறு மாசம்! ஒரு குறுவை அறுத்து, அடுத்த போகம் நட்டு முடிப்பதற்குள் ஓடிவிடும் காலம். அதற்குள் ஒரு குடும்பம் தன் தலைமுறைகளின் தலையெழுத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’க்களுக்கும், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கும் பென்ஷன் அந்தப் பக்கம் இருந்தது. அவர்களில் பலர் எழுதிக் கொடுத்தார்கள். நிலத்தையும் கடையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் ‘நமக்கு எதுக்கு?’ என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒரே வம்சத்தில் ஒரு கிளை பிரெஞ்சுக்காரர்கள், ஒரு கிளை இந்தியர்கள் என்று அங்கே இன்றைக்கும் பார்க்கலாம். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் புதுச்சேரியில் வாக்குச்சாவடி போடுகிறார்கள். வேட்டி கட்டிய பெரியவர் பாரிஸ் அதிபருக்கு ஓட்டுப் போடும் காட்சி உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்போதுகூட ‘ரெண்டையும் வைத்துக்கொள்’ என்று யாரும் சொல்லவில்லை. இதுவா அதுவா, ஒன்றைச் சொல். அதுவும் கெடுவுக்குள் சொல். சும்மா இருந்தால், சும்மா இருந்ததே பதிலாகிவிடும்!

<b>ரெண்டு வைத்திருக்கலாம் என்கிற நாடுகள்</b>

நமக்கு அக்கரையில் இலங்கை. அங்கே 1987-ல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி வாங்கிக்கொண்டு ரெண்டு குடியுரிமை வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கனடா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. அதனால் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சட்டப்படியே ரெண்டு பாஸ்போர்ட் வைத்திருக்கலாம்.

சரி, அவர் எங்கே எதை நீட்டுவார்? இதற்கு ஒரு சுலபமான சூத்திரம் இருக்கிறது. எந்த நாட்டுக்குள் நுழைகிறாயோ, அந்த நாட்டுப் புத்தகம் உன்னிடம் இருந்தால் அதைத்தான் நீட்ட வேண்டும். எதைக் காட்டி உள்ளே போனாயோ, அதையே காட்டி வெளியே வரவேண்டும்.

டொராண்டோக்காரர் கொழும்புக்குப் போகிறார். கொழும்பு இமிக்ரேஷனில் இலங்கை பாஸ்போர்ட். திரும்பும்போது கொழும்பிலிருந்து வெளியேற அதே இலங்கை பாஸ்போர்ட். விமானக் கம்பெனி கவுண்ட்டரில் மட்டும் ‘கனடாவுக்குள் விடுவார்களா?’ என்ற கேள்விக்குப் பதிலாகக் கனடா பாஸ்போர்ட்டைக் காட்டுவார். டொராண்டோவில் இறங்கியதும் கனடா பாஸ்போர்ட். கனடா 2016 நவம்பரிலிருந்து இதில் ரொம்பக் கண்டிப்பு. இரட்டைக் குடியுரிமை உள்ள கனடாக்காரர் கனடா பாஸ்போர்ட் இல்லாமல் பொதுவாக அங்கே போகும் விமானத்திலேயே ஏற முடியாது.

அவரே கொழும்பிலிருந்து அப்படியே தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்க்க வருகிறார் என்றால்? இந்தியா அவருக்கு மூன்றாவது நாடு. ரெண்டில் எதற்கு வேண்டுமானாலும் விசா வாங்கலாம். ஆனால் எதில் விசா வாங்கினாரோ அதையேதான் வரும்போதும் போகும்போதும் காட்ட வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் கவுண்ட்டரில் வேர்த்துக் கொட்டும்.

ரெண்டு பாஸ்போர்ட் இருந்தால் ரெண்டு மடங்கு பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. நேர் எதிர் சார்! 1930-ல் ஹேக் நகரத்தில் செய்த உடன்படிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். ரெண்டு நாட்டுக் குடிமகன் ஒருவன் அதில் ஒரு நாட்டுக்குள் சிக்கினால், அந்த நாட்டுக்கு எதிராக மற்ற நாடு அவனுக்காகப் பரிந்து வர முடியாது. ‘என் பிள்ளையை நான் அடிக்கிறேன், நீ யார் கேட்க?’ கதைதான்!

பதவிக்கும் இது வேட்டு வைக்கும. இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த நடிகை கீதா குமாரசிங்கவுக்கு சுவிட்சர்லாந்துக் குடியுரிமையும் இருந்தது. 2017-ல் அந்த ஒரே காரணத்துக்காகப் பதவி போயிற்று.

<b>பிள்ளைகளின் கணக்கு</b>

பெரியவர்கள் தெரிந்தே முடிவெடுக்கிறார்கள். தெரியாமல் மாட்டிக்கொள்வது பிள்ளைகள்தான்.

வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால் இந்தியக் குடியுரிமை உண்டு. ஆனால் ‘குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை’ என்று பெற்றோர் எழுதித் தரவேண்டும். பிறப்பால் அந்த நாட்டுக் குடியுரிமையும் ஒட்டிக்கொண்டிருந்தால், பதினெட்டு முடிந்து ஆறு மாசத்துக்குள் பிள்ளை அதை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். மறுபடியும் ஆறு மாசக் கெடு!

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தம்பதி 1998-ல் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆனார்கள். அப்போது பிள்ளை தாயின் வயிற்றில். பிறந்தது 1999-ல், சிங்கப்பூர்க் குடிமகனாக. வளர்ந்து மேஜர் ஆனதும், ‘எனக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும்’ என்று விண்ணப்பித்தார் அந்த இளைஞர். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

காரணம் என்ன தெரியுமா? பெற்றோர் தாங்களே எழுதிக் கொடுத்து இந்தியக் குடியுரிமையைத் துறந்திருந்தால் அது 8-வது பிரிவு. அதில் பிள்ளை மேஜரானதும் ஒரு வருஷத்துக்குள் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் தானாகவே போனது 9-வது பிரிவு. அதில் அந்த வழி கிடையாது. கணக்கை நாமே எழுதி முடிப்பதற்கும், அது தானாக மூடிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம், இருபத்தைந்து வருஷம் கழித்து வயிற்றில் இருந்த பிள்ளையின் தலையில் வந்து விடிந்தது.

<b>மூணு மா நிலம்</b>

இனி நம்ம ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம். நிலம்!

வெளிநாட்டுக் குடிமகன் ஆனவர் இந்தியாவோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்காகத்தான் 2005 முதல் ஓ.சி.ஐ. அட்டை. ஆயுசு முழுக்க விசா மாதிரி. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். வீடு, ஃபிளாட் வாங்கலாம். ‘வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்’ என்று பெயரிலேயே குடிமகன் இருக்கும். ஆனால் அது குடியுரிமை இல்லை. ஓட்டுக் கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது. ‘சாப்பாடு தயார்’ என்று போர்டு இருக்கும், உள்ளே போனால் டிபன்தான் கிடைக்கும் என்பது மாதிரி!

முக்கியமான இன்னொன்று, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் பக்கத்து வயல் மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், விலைக்கு வருகிறது. அப்பாவுக்குப் பல வருஷத்து ஆசை. அமெரிக்க மாப்பிள்ளையிடம் பணம் இருக்கிறது. ஆனால் அவர் பெயரில் கிரயம் செய்ய முடியாது.

‘‘மச்சான் பேருல வாங்கிப் போட்டா போச்சு!’’ என்று கல்யாணப் பந்தியில் இன்னொரு மாமா ஐடியா கொடுப்பார். அது பினாமி. சொத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. மச்சான் மனசு மாறுவது அதற்கும் முன்னாலேயே நடந்துவிடலாம்!

பரம்பரை நிலம் வாரிசாக வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது, இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் இருக்கும் பி.ஆர். அண்ணனும் வெளிநாட்டில் வசிக்கும்வரை விவசாய நிலம் வாங்க முடியாதுதான். ஆனால் அவர் ஊர் திரும்பி இங்கேயே குடியமர்ந்துவிட்டால் அந்தத் தடை விலகிவிடும். ஓ.சி.ஐ. சலுகைப் பட்டியலிலோ விவசாய நிலம் வாங்குவது இல்லவே இல்லை.

<b>கடைசியாகக் கொஞ்சம் கணக்கு</b>

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கப் போகிறவர்களுக்கு, அவர்களின் அண்ணன் தம்பிகளுக்கு, ஒரு சின்ன லிஸ்ட். வெட்டி எடுத்து பீரோவில் ஒட்டிக்கொள்ளலாம்.

1. உறுதிமொழி எடுத்த தேதிக்கப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் கூடாது. ஒரு தடவைகூட.

2. பழைய பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்குங்கள். ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். தாமதித்தால், அதில் பயணமும் செய்திருந்தால், அபராதம் உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஓ.சி.ஐ.க்குப் போய் நின்றால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

3. ஓ.சி.ஐ. கைக்கு வரும்வரை சாதாரண விசாவில் வாருங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும் ராத்திரியில்தான் ‘பழையது இருக்கே’ என்று கை டிராயருக்குப் போகும். அந்த ராத்திரிக்காகவே முன்கூட்டி ஏற்பாடு செய்து வையுங்கள்.

4. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

5. நிலம் வாங்குவது, பாகப்பிரிவினை செய்வது மாதிரி காரியங்கள் பாக்கி இருந்தால், குடியுரிமைக்கு மனுப் போடும் முன்னாலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள். பிள்ளைகளின் குடியுரிமையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

‘எந்தப் பாஸ்போர்ட்டை நீட்டுவது?’ என்பது ஏர்போர்ட் கவுண்ட்டரில் வரிசையில் நின்றுகொண்டு யோசிக்கிற கேள்வி இல்லை. நம்ம ஆட்களுக்கு அங்கே நீட்ட ஒன்றுதான் இருக்கிறது. அது எது என்பதை அதற்குப் பல மாதம் முன்னாலேயே, வீட்டுக் கூடத்தில், அப்பா அம்மா, பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டும். நிலத்தையும் பார்க்க வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும், சம்பளத்தையும் பார்க்க வேண்டும். காரைக்கால்காரர்களுக்காவது யோசிக்க ஆறு மாசம் கொடுத்தார்கள். நமக்குக் கெடு யாரும் வைக்கவில்லை. அதனால்தான் யோசிக்காமலே கையைத் தூக்கிவிடுகிறோம்!